இன்னொரு ஆள் வேணும்

சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்குத் தறி கத்துக்க வர்றாங்க. சந்தோஷம்தான். முதல்ல தார் சுத்தக் கொடுப்பாங்க. பட்டிழை நாலு தடவையாவது அறும்.

கஷ்டம் கோர்வையில்தான். உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு நிறம் என்றால் மூன்று நாடா வேண்டும். ஓரத்து நாடாவைத் தள்ள, நெய்பவர் பக்கத்தில் இன்னொரு ஆளும் வேண்டும். முன்னெல்லாம் வீட்டுப் பிள்ளைங்கதான் அந்த ஆள். இப்ப பள்ளிக்கூடம் போறாங்க, போகட்டும். ஆனா கூலிக்கு ஆள் வெச்சா நெய்யறவருக்கு என்ன மிஞ்சும்? பல தறிகளில் கோர்வையே நின்னுபோச்சு.

மழை பெய்தால் என் நெல்லுக்கு நல்லது. குழித்தறியில் ஈரம் ஏறினா அவங்களுக்கு அன்னைக்கு வேலை இல்லை.

கடையில் புடவையைப் பிரிச்சதும், உடலும் கரையும் சேர்ற இடத்தைப் பாருங்க. கோர்வைன்னா அங்கே பல்லுப்பல்லாத் தெரியும்.