நிலத்தை மினுக்கினவர்கள்

எங்கட ஊர்ப்பக்கம் வீடு திருத்துறதென்றால் முதல் வேலை சீமெந்து நிலத்தை மறைச்சு ரைல்ஸ் பதிக்கிறதுதான். வெளிநாட்டுக் காசு வந்தாலும் சரி, சீட்டு விழுந்தாலும் சரி, முதலில் மாறுவது நிலம். கொழும்பில் நடப்பது இதற்கு நேரெதிர். புதிதாகத் திறக்கிற கோப்பிக் கடை, உடுப்புக் கடை, சலூன் என்று பலதும் ரைல்ஸை விட்டுச் சீமெந்துக்குத் திரும்புகின்றன. சாம்பல் நிறம், ஆங்காங்கே நிழல் போலத் திட்டுகள், லைட் விழுந்தால் தண்ணி மாதிரி மினுக்கம். அசைன்மென்ட் என்ற பேரில் ஒரு கோப்பியோடு மூன்று மணித்தியாலம் இருந்துவிட்டு வருகிற எங்களுக்கு அந்த நிலம் நல்ல பழக்கம். அதற்கு 'ரோ லுக்' என்று பெயர், முடிக்காமல் விட்ட மாதிரி ஒரு தோற்றமாம். சிரிப்பு வாறது இந்த இடத்தில்தான். அந்தக் கடைக்குள் ஆக மெனக்கெட்டுச் செய்த பகுதி, அநேகமாக அந்த 'முடிக்காத' நிலமாகத்தான் இருக்கும்.

எங்களில் ஒருத்தியின் அண்ணா இந்த வேலைக்குப் போகிறவர். அவர் சொல்லித்தான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. இறுகின கொங்கிறீட்டை, வைரத்துகள் பதித்த தட்டுகள் பூட்டின மெஷினால் தேய்க்கிறார்கள். முதலில் 30, 40 நம்பர் தட்டு. அது மேல்தோலை உரிக்கும். பிறகு 80, 150, 400, 800 என்று ஏறி, கண்ணாடி மாதிரி வேணுமென்றால் 3000 வரைக்கும் போக வேண்டும். இடையில் ஒரு படியை விட்டால், முந்தின தட்டின் கீறல் கடைசி மினுக்கத்துக்குள்ளேயும் தெரியும். நடுவில் ஒரு சிலிக்கேட் திரவம் ஊற்றுவார்கள். அது கொங்கிறீட்டுக்குள் மிச்சமிருக்கிற சுண்ணாம்போடு சேர்ந்து துளைகளை அடைத்து இறுக்கும். இவ்வளவு செய்தும், தேசிக்காய்த் தண்ணி சிந்தி அப்படியே விட்டால் அடையாளம் விழுந்துவிடும். சுண்ணாம்புக்கும் புளிக்கும் ஒத்துவராது.

டெரசோ இன்னும் கஷ்டம். மாபிள் சில்லுகளைச் சீமெந்தோடு குழைத்து, பித்தளைப் பட்டிகளால் பிரித்த கட்டங்களுக்குள் போட்டு உருட்டி, இறுகினபின் தேய்த்து, ஊசித்துளைகளைச் சீமெந்துக் கூழால் அடைத்து, திரும்பவும் தேய்க்க வேண்டும். பட்டி வெறும் அழகுக்கில்லை, வெடிப்பு வந்தால் அந்தக் கோட்டோடு நிற்பதற்கும்தான். வெனிஸில் பணக்கார வீடுகளுக்கு மாபிள் பதித்த தொழிலாளர்கள், மிஞ்சின துண்டுகளைத் தங்கட வீட்டுக்குப் பாவித்ததில் இருந்து வந்த வேலை இது என்கிறார்கள். ஹொலிவூட்டில் நடிகர்களின் பெயரோடு நட்சத்திரம் பதித்த நடைபாதையும் டெரசோதான். எங்களுக்கென்னவோ அதைக் கண்டால் பழைய வங்கியும் ஆஸ்பத்திரி விறாந்தையும்தான் ஞாபகம் வரும். இப்ப அதே புள்ளிகளை அச்சடித்த ரைல்ஸும் விற்கிறார்கள். மூலை உடைந்தால் உள்ளே வேறு நிறம். டெரசோவில் எவ்வளவு தேய்ந்தாலும் கீழேயும் அதே கல்லு.

வீட்டுச் சிவப்பு நிலத்தை மினுக்கினது மெஷின் இல்லை, அம்மாமார்தான். தீபாவளி, பொங்கலுக்கு முதல் கார்டினல் பொலிஷைப் பூசி, பாதித் தேங்காயின் பொச்சுமட்டையில் ஒரு காலை வைத்து அறை முழுக்கத் தேய்ப்பார்கள். மூலைகளுக்கு முழங்காலில் இருந்து துணியால். நாரி நோவு வரும், சிவப்பு நகத்துக்குள் ஏறும். ரைல்ஸ் வந்தபோது அவர்கள் சந்தோஷப்பட்டதில் என்ன பிழை? 'பழைய சிவப்பு நிலம் எவ்வளவு வடிவு' என்று ஏங்கிப் பதிவு போடுகிற ஆக்களில் எத்தனை பேர் மட்டை பிடித்திருப்பார்கள் என்பது எங்கட சந்தேகம்.

அண்ணாவின் விஷயம் நாரியோடு முடியாது. கொங்கிறீட்டில் இருக்கிற மணலிலும் கல்லிலும் சிலிக்கா இருக்கிறது. காய்ந்தபடி தேய்த்தால் அது கண்ணுக்குத் தெரியாத தூசாகி நெஞ்சின் அடி வரைக்கும் போய் நுரையீரலில் தழும்பு போடும். சிலிக்கோசிஸ் என்பது அதுதான். வந்தால் மாற்ற மருந்தில்லை. அமெரிக்காவில் 2016இல் கொண்டுவந்த விதி, 8 மணித்தியால வேலையில் ஒரு கனமீற்றர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் இந்தத் தூசு இருக்கக்கூடாது என்கிறது. இளம் தொழிலாளர்கள் நோயாளியானபின், சமையலறை மேசைத் தட்டுகளுக்கு வெட்டுகிற செயற்கைக் கல்லையே அவுஸ்திரேலியா 2024 யூலையில் தடைசெய்தது.

வழி இல்லாமலில்லை. தண்ணி விட்டுத் தேய்க்கலாம், மெஷினோடு தூசு உறிஞ்சியைப் பூட்டலாம், முகத்துக்குச் சரியான வடிகட்டி மாஸ்க் போடலாம். ஆனால் தண்ணி விட்டால் சேறு வரும். அதை அள்ள ஆள் வேணும், நேரம் வேணும். கொன்ட்ராக்காரர் ஒருவருக்கும் அது பிடிக்காது. அண்ணா மூக்கில் கட்டிக்கொண்டு போறது லேஞ்சி. "வெள்ளைச் சேட்டோட போனா சாம்பல் சேட்டோட வாறன்" என்று பகிடி விடுவார். வயது 26. இரவில் இருமுவதாகத் தங்கச்சி சொல்கிறாள். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று எக்ஸ்றேயைத் தள்ளிப்போடுகிறார்.

போன மாதம், திருத்த வேலை நடந்துகொண்டிருந்த ஒரு கடையில் உரிமையாளரோடு கதை கொடுத்தோம். நல்ல மனிசன், பிளேன்ரீ தந்தார். சதுர அடிக்கு எவ்வளவு, எந்தச் சாம்பல் நிறம், எத்தனை வருஷம் உழைக்கும் எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார். தண்ணி விட்டா தேய்க்கிறார்கள், காய்ந்தபடியா என்று கேட்டோம். யாருமே அவரிடம் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள் போல, கொஞ்சநேரம் எங்களைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிப் பொடியனைக் கூப்பிட்டுக் கேட்டார். மெஷின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.