பக்கத்தில் அமரும் பணி

மேல்நிலை இரண்டாம் ஆண்டுத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், கோபிசெட்டிபாளையத்துப் பங்கு இல்லத்திற்கு வருவோர் கைகளில் பிளாஸ்டிக் உறை ஒன்று தவறாமல் இருக்கும். மதிப்பெண் பட்டியல், ஆதார் அட்டை, குடும்ப அட்டை, மங்கிப்போன சாதிச் சான்றிதழின் நகல் ஆகியவற்றோடு ஒரு குடும்பத்தின் எதிர்பார்ப்பு முழுவதும் அவ்வுறைக்குள் மடிந்து கிடக்கும். வருவோர் தடப்பள்ளி வாய்க்கால் பாய்கின்ற வயல்களில் நாற்று நடுவோர், மஞ்சள் வேகவைப்போர், கொத்தனார்கள், லாரி ஓட்டுநர்கள். அவர்கள் கேட்பது ஒன்றே: "புள்ளையக் காலேஜுல சேர்க்கோணுங்க சாமி. எங்க போயி, என்ன எழுதிக் குடுக்கறதுன்னு தெரியலீங்க."

பணம் இல்லை என்பதே ஏழை மாணவரின் முதல் தடை என்று நாம் எண்ணுகிறோம். பல ஆண்டுகளாக இப்பிள்ளைகளோடு அமர்ந்து படிவங்களை நிரப்பிய அனுபவம் எனக்கு வேறொன்றைக் கற்பித்திருக்கிறது. உதவி பல இடங்களில் இருக்கிறது. ஆனால் அது ஒரு தாளின் பின்னால் இருக்கிறது. அத்தாளை உரிய நாளுக்குள் பெற்று, உரிய இடத்தில் சேர்ப்பதற்குப் பக்கத்தில் ஒருவர் இல்லை என்பதே பல வீடுகளின் உண்மையான வறுமை.

நம் மாநிலத்தில் கல்லூரிக் கதவு முன்பைவிட அகலத் திறந்திருக்கிறது என்பதை மறுக்க இயலாது. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை நீக்கும் சட்டம் 2006ஆம் ஆண்டில் நிறைவேறியது. நகரத்துப் பயிற்சி நிலையங்களுக்குப் பணம் கட்ட இயலாத பிள்ளைகளுக்கு அது பெரும் ஆறுதல். பொறியியல் சேர்க்கைக்குக் கணிதத்தில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என 200க்குக் கணக்கிடப்படும் மதிப்பெண்ணே அடிப்படையாயிற்று. முன்பெல்லாம் கலந்தாய்வுக்காகத் தந்தையும் மகளும் இரவுப் பயணம் செய்து சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் காத்திருப்பார்கள். 2018 முதல் அது இணையவழிக்கு மாறிவிட்டது. பயணச் செலவு மிஞ்சியது. ஆனால் அவ்வளாகத்தில் விளக்கம் சொல்வதற்கென்று அமர்ந்திருந்த மனிதரும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மாணவர் தாம் விரும்பும் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசைப்படுத்தித் தரவேண்டும். கணினி அவ்வரிசையின் மேலிருந்து கீழாகச் சென்று, அவருடைய தரவரிசைக்குக் கிடைக்கக்கூடிய முதல் இடத்தை ஒதுக்குகிறது. நம் பிள்ளைகளோ, "இதுதான் எனக்குக் கிடைக்கும்" என்று தாங்கள் எண்ணும் எளிய கல்லூரியை முதலில் எழுதிவிட்டு, உள்ளத்தில் ஏங்கும் கல்லூரியை வெட்கத்தோடு கீழே எழுதுகிறார்கள். கணினிக்கு வெட்கம் தெரியாது, எழுதியதைத் தந்துவிடும். விருந்தில் கடைசி இடத்தில் போய் அமரச் சொன்ன ஆண்டவரின் அறிவுரை விருந்துக்கு உரியது. விருப்பப் பட்டியலுக்கு அன்று. இதை நான் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு பட்டியலை அழித்துவிட்டு மீண்டும் எழுதுவார்கள்.

அதே லூக்கா நற்செய்தியின் அதே பதினான்காம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடும் உவமையும் வருகிறது. உட்காருதல் என்ற அச்சொல்லை நான் பெற்றோருக்கு அழுத்திச் சொல்வதுண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகும் மாணவருக்குத் தொழிற்கல்வியின் கல்விக் கட்டணத்தில் சலுகை தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2010ஆம் ஆண்டில் கொண்டுவந்தது. அது ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியே சேர்வோருக்கு உரியது. "இடம் போய்விடும்" என்ற அச்சத்தில் முடிவுகள் வருமுன்பே நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு முன்பணம் கட்டுகிறவர், தமக்கு உரிய சலுகையையும் அங்கேயே கட்டிவிட்டு வருகிறார். மேலும், கல்விக் கட்டணம் என்பது முழுச் செலவு ஆகாது. பேருந்து, விடுதி, தேர்வு, புத்தகம் என நான்கு ஆண்டுகளுக்கும் கணக்கிட்டுப் பார்த்தால்தான் கோபுரத்தின் உயரம் தெரியும்.

வங்கிக் கடனைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். நான்கு லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை தேவையில்லை என்பதும், படிப்புக் காலம் முடிந்து ஓராண்டு வரை தவணை கட்டாமலிருக்க வழியுண்டு என்பதும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் உள்ளவை. நம் பகுதி மக்கள் கடனுக்கு அஞ்சுகிறவர்கள். அது நல்ல குணமே. ஆனால் வங்கிப் படியேறக் கூசுகிற அதே கைகள், அவசரத்தில் தாலிக்கொடியை அடகுக் கடையில் வைத்துவிடுகின்றன. எந்தக் கடனுக்கு அஞ்சவேண்டும் என்று பகுத்துக் காட்டுவதும் ஆன்மீக வழிகாட்டலின் ஒரு பகுதி என்றே கருதுகிறேன்.

எல்லா உதவியும் எல்லாருக்கும் எட்டுவதில்லை. தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கிய 2021ஆம் ஆண்டுச் சட்டம், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் பயின்றோருக்கென இயற்றப்பட்டது. நம் அருட்சகோதரிகள் நடத்தும் உதவிபெறும் பள்ளியில், அதே வறுமையோடு, பக்கத்துத் தெருவில் படித்த பிள்ளை அதற்குள் அடங்கவில்லை. கல்லூரி மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும் 2022இல் அரசுப் பள்ளி மாணவியருக்கென்றே தொடங்கியது. 2024 டிசம்பரில்தான் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கும் விரிவடைந்தது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கப்பட்டபோது இரு வகைப் பள்ளிகளையும் தழுவியிருந்தது. ஒரு பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது அப்பிள்ளையின் எந்தெந்தக் கதவுகளைத் தொடுகிறது என்பதை ஆறாம் வகுப்பிலேயே பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

படிவம் சில வேளைகளில் மனச்சான்றையும் சோதிக்கும். ஒரு தந்தை முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு என் பரிந்துரை கேட்டார். மூத்த மகன் பட்டம் பெற்றுத் திருப்பூரில் வேலை பார்ப்பதை நான் அறிவேன். "அவன் தனிக்குடித்தனம் போயிட்டானுங்க சாமி, எங்களுக்கு ஒண்ணும் குடுக்கறதில்லீங்க" என்றார். அவருடைய துயரம் உண்மை; அவர் கேட்டதோ பொய். மறுத்துவிட்டு எழுந்து போவது எளிது. மறுத்த பின்னும் எழுந்து போகாமல், அவர் மகளோடு அமர்ந்து வேறு வழி தேடினோம். வீட்டிலிருந்தே சென்று படிக்கக்கூடிய உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் அவள் கணிதம் பயின்றாள். மாற்று வழியைத் தேடித் தராத நேர்மை, ஏழையின் தோளில் நாம் ஏற்றும் இன்னொரு சுமை.

அதைவிடக் கனமான சோதனை ஒன்று உண்டு. அருந்ததியர் குடும்பத்தில் பிறந்து திருமுழுக்குப் பெற்ற மாணவி ஒருத்தி, மதம் என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "இந்துன்னு எழுதினாத்தாங்க சலுகை கிடைக்கும்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார் அவள் தாய். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதி நிலை இந்துக்களுக்கே உரியது, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் புத்த மதத்தினருக்கும் அது விரிந்தது, கிறிஸ்தவருக்கு விரியவில்லை. நம் மாநிலத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். அருந்ததியருக்கு 2009இல் கிடைத்த 3 விழுக்காடு உள்ஒதுக்கீடும் அவளுக்கு இல்லை. ஆனால் மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவ மாணவருக்கும் தமிழக அரசு, வருமான வரம்புக்கு உட்பட்டு, மேற்படிப்பு உதவித்தொகை வழங்குகிறது. இதை அந்தத் தாயிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. இழப்பது எது, இழக்காதது எது என்று இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். வேறெதுவும் நான் சொல்லவில்லை. நெடுநேரம் கழித்து அவள் 'கிறிஸ்தவம்' என்று எழுதினாள். அந்த ஒரு சொல்லுக்கு அவள் கொடுத்த விலையை, விலை ஏதும் கொடுக்காத நாம் மறையுரையில் எளிதாகப் புகழ்ந்துவிடக் கூடாது. அவ்விலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்வதே திருச்சபையாகிய நம் கடமை.

தாள்களைப் பார்ப்பது குருவின் வேலையா என்று சிலர் கேட்கலாம். 1851, 1852ஆம் ஆண்டுகளில் தூரின் நகரில் தொன்போஸ்கோ, தம் சிறுவர்களுக்காகத் தொழில் முதலாளிகளோடு எழுத்து வடிவில் ஒப்பந்தங்கள் செய்து அவற்றில் தாமும் கையொப்பமிட்டார். கண்ணாடித் தொழிலுக்கும் தச்சுத் தொழிலுக்கும் போன சிறுவர்களின் ஓய்வு நாளும் கூலியும் அத்தாள்களில் பாதுகாக்கப்பட்டன. புனிதம் சில வேளை ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் கவனமாக வாசிப்பதில் இருக்கிறது.

திருத்தூதர் பணிகள் நூலில் எத்தியோப்பிய அரசியின் கருவூலப் பொறுப்பாளர் தேரில் அமர்ந்து ஏட்டை வாசிக்கிறார். கருவூலத்தையே ஆள்பவருக்கும் வாசிப்பது விளங்கவில்லை. பிலிப்பு தேரின் அருகே ஓடி, ஏறிப் பக்கத்தில் அமர்ந்து, விளக்கிச் சொல்கிறார். கடிவாளத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. விளக்கம் முடிந்து, கேட்டவர் தாமே விரும்பித் திருமுழுக்குப் பெற்றபின் பிலிப்பு மறைந்துவிடுகிறார். மற்றவர் மகிழ்ச்சியோடு தம் வழியே போகிறார். எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்பதைப் பிள்ளையே முடிவுசெய்யட்டும். நாம் ஏறி அமர்ந்தால் போதும். வேளை வந்ததும் இறங்கவும் தெரிந்தால் போதும்.

இதற்கு மே மாதம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சனவரியிலேயே ஒவ்வொரு பங்கிலும் பட்டதாரி இளைஞர் இருவர் இரண்டு ஞாயிறுகளைத் தரலாம். திருப்பலிக்குப் பின் ஒரு மேசை போதும். திருமுழுக்குப் பதிவேட்டில் 'அந்தோணி' என்றும் ஆதாரில் 'அந்தோனி' என்றும் இருக்கும் பெயரை அப்போதே ஒழுங்குபடுத்தலாம். வருமானச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டால், சூன் மாதத்து ஓட்டம் பாதியாகக் குறையும். உங்கள் வீட்டில் ஒருவர் கல்லூரிப் படியேறி இறங்கியிருந்தால், அந்த மேசையின் ஒரு நாற்காலி அவருக்கானது. பங்குத்தந்தை அழைக்கட்டும் என்று காத்திராமல், வருகிற ஞாயிறன்றே அவரிடம் சென்று பெயரைக் கொடுங்கள்.