அரும்பு வகுப்பில் ஐந்து நாள்

கல்வி என்றவுடன் கல்லூரி மாணவராகிய நம் மனத்தில் எழுவன நூல்நிலையமும் தேர்வும் பட்டமுமே. ஆயின், இவையனைத்திற்கும் வேராயிருப்பது, சிறு குழந்தையொன்று முதன்முதல் ஒரு கோட்டைக் கிழித்து, அக்கோட்டிற்கு ஓர் ஒலி உண்டென்று உணரும் அந்தக் கணமேயாம். அக்கணத்தை அருகிருந்து காணும் பேறு, எம் தமிழ்த்துறையார் பணித்த ஒரு வாரக் களப்பணியால் எமக்கு வாய்த்தது.

மதிலழகுக்குப் பேர்போன மன்னார்குடி எம் சொந்த ஊர். அதற்கு அணித்தாய்ப் பாமணியாற்றங்கரையிலுள்ள சிற்றூரொன்றின் தொடக்கப்பள்ளிக்கு மாசித் திங்களில் யாம் சென்றோம். வளர்ந்தவர் சிறாரோடு அமர்ந்து கற்பது இச்சோழநாட்டிற்குப் புதிதன்று. 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், திண்ணைப்பள்ளி உபாத்தியாயர் ஒருவரையும் அவர்தம் மாணாக்கரையும் தம் இல்லத்திற்கே வருவித்து, அச்சிறாரோடு தாமும் மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அவரே அவ்வாறு அமர்ந்தாரெனின், யாம் தரையில் அமர நாணுவதேன்?

திங்களன்று காலை, பிள்ளைகள் பள்ளியிலேயே சிற்றுண்டி உண்டனர். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-இல் திருக்குவளையில் வைத்து மாநிலத்து அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் விரிக்கப்பெற்ற திட்டம் அது. பின் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பினர் ஒருங்கே அமர்ந்தனர். 2022-இல் தோன்றிய 'எண்ணும் எழுத்தும்' முறைப்படி, அவர்கள் வகுப்பால் அன்றிக் கற்ற அளவால் அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்பட்டிருந்தனர்.

அரும்பினர்க்கு ஆசிரியை கற்பித்த முதலெழுத்து அகரம் அன்று, டகரம். இலக்கண நூல்களின் வைப்புமுறையே பயின்ற எமக்கு இது வியப்பாயிருந்தது. காரணம் வினவினோம். "அகரத்திற்குக் கை வளைய வேண்டும். ட என்பது இரண்டு நேர்கோடு. ப என்பது மூன்று. பழகாத விரலுக்கு நேர்கோடே எளிது. ம என்பதையும் சேர்த்தால் அன்றைக்கே படம், மடம், பட்டம் என்று படித்துவிடுவார்கள். படித்தோம் என்ற மகிழ்ச்சி முதல்நாளே வந்துவிட்டால் மறுநாள் தாமே வருவார்கள்" என்றார் அவ்வம்மையார்.

அரும்பினரிடையே எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். வாத்து மேய்ப்போர் குடும்பத்தினன். சம்பா அறுவடை முடிந்ததும், தாளடியில் சிந்திய நெல்லையும் நத்தையையும் புழுபூச்சியையும் மேயவிட வாத்துக் கூட்டங்கள் இந்நாட்டு வயல்களில் வந்திறங்குவதை நம்மில் பலர் கண்டிருப்போம். கூட்டத்தோடு வருவோர் வயலோரத்தில் கூடாரமிட்டுத் தங்குவர். இரை தீர்ந்தால் அடுத்த ஊர் செல்வர். வயதால் மூன்றாம் வகுப்பினனாகிய அவன், ஐந்து வயதுப் பிள்ளைகளின் நடுவே அமர்த்தப்பட்டமையால் குன்றிப்போயிருந்தான். திங்கள் முழுதும் வாய் திறந்திலன்.

செவ்வாயன்று புளியங்கொட்டைகளைக் குவித்து எண்ணச் சொன்னார் ஆசிரியை. பிள்ளைகள் ஒவ்வொன்றாய் எண்ணித் தவறிக்கொண்டிருக்க, இவன் ஐந்தைந்தாய்த் தள்ளி, "பன்னிரண்டு ஐந்து, மேலே மூன்று" என்றான். அறுபத்துமூன்று! எங்கே கற்றாய் என்று கேட்க, மாலைதோறும் வாத்துகளைப் பட்டிக்குள் ஐந்தைந்தாய் எண்ணிவிடுவது தன் வேலை என்றான். அன்றே அவன் எண்ணுவோர்க்குத் தலைவனானான். பண்டைத் திண்ணைப்பள்ளியில் மூத்த மாணாக்கன் இளையோர்க்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறை எமக்கு நினைவு வந்தது. சென்னையில் பணிபுரிந்த ஆண்ட்ரூ பெல் என்பார், மாணவரைக்கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைக் கையாண்டு, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட, அது அந்நாட்டிலும் பரவியது. அம்முறையின் பயன் பிறர்க்கு மட்டுமன்று. தலைவனான சிறுவன் நிமிர்ந்து உட்கார்ந்ததை யாம் கண்டோம்.

புதனன்று சூழ்நிலையியல் பாடத்திற்காகப் பிள்ளைகளை வயலுக்கு அழைத்துச் சென்றோம். அங்கே வழிகாட்டி அவனே. நத்தையோடும் இறகும் நெற்றாளும் பொறுக்கிய பிள்ளைகளுக்கு, வாத்து பெரும்பாலும் விடியுமுன்னரே முட்டையிட்டுவிடுமென்றும், ஆகையால் விடிந்த பின்னரே பட்டியைத் திறத்தல் வேண்டுமென்றும் விளக்கினான். எமக்கும் அது புதுப்பாடம்.

வியாழனன்று ஆசிரியை அவனுக்காகவே ஒரு சொல்லைத் தெரிந்தெடுத்தார்: வாத்து. அச்சிறு சொல்லில் துணைக்கால் உண்டு, புள்ளி உண்டு, உகரக் குறி உண்டு. நண்பகலுக்குள் அதனை எழுதிவிட்டான். பின்னர் நிகழ்ந்ததே எம்மை வியப்பில் ஆழ்த்தியது. முன்னமே அறிந்த பகரத்திற்குக் கால் சேர்த்து, டகரத்திற்குப் புள்ளி வைத்து, மற்றொரு டகரத்திற்கு உகரம் கூட்டி, எவரும் சொல்லாமலே 'பாட்டு' என்று எழுதிக் காட்டினான். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் கூடி இருநூற்றுப் பதினாறு பிறக்கும் என்று யாம் மனப்பாடம் செய்துள்ளோம். அப்பிறப்பைக் கண்ணெதிரே கண்டது அன்றுதான்.

வெள்ளியன்று, வாரத்தில் கற்றவற்றை ஆசிரியை ஒவ்வொருவரிடமும் கேட்டறிந்தார். அவன் ஒன்பது சொற்களைப் படித்தான். அன்று மாலை அவன் தந்தை வந்தார். "அம்மா, வயலில் நெல் தீர்ந்தால் வாத்து நில்லாது, வாத்து நில்லாவிடில் நாங்களும் நில்லோம். ஞாயிறன்று புறப்படுகிறோம்" என்றார். அடுத்த இடம் எது என்பது அவர்க்கே உறுதியில்லை. சிறுவன் ஒன்றும் பேசாமல், தன் சிலேட்டிலிருந்த சொற்களை அழிக்காமலே பையில் வைத்துக்கொண்டான்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரையுள்ள குழந்தைகட்கு இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்றென்றோ, வயதுச் சான்று இல்லையென்றோ சேர்க்க மறுத்தலாகாது என்பதும் அதன் விதி. ஆகவே எந்த ஊர்ப் பள்ளியின் கதவும் அவனுக்குத் திறக்கும். ஆனால் புதிய ஆசிரியர்க்கு அவன் யாரென்று தெரியாது, மீண்டும் முதற்கோட்டிலிருந்தே தொடங்க நேரும், மீண்டும் குன்றியிருப்பான். இதனை எண்ணியே போலும், ஆசிரியை ஒரு குறிப்பேட்டில் அவன் அறிந்த எழுத்துகள் இவை, அறியாதன இவை, ஐந்தைந்தாய் எண்ண வல்லவன், வயலைப் பற்றிக் கேட்டால் பேசுவான் என்று எழுதித் தந்தையிடம் அளித்து, "அடுத்த பள்ளியில் முதலில் இதனைக் காட்டுங்கள்" என்றார். தந்தை அதனை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

அக்குறிப்பேடு எங்கேனும் ஓர் ஆசிரியர் கையைச் சேர்ந்ததா? நம் கல்லூரியின் பழைய மாணவருள் பள்ளியாசிரியராய் விளங்குவோர் பலர். இன்னாள் மாணவருள் காவிரிக் கழனியூர்களினின்று வருவோர் பலர். அவர்களிடம் எமக்கொரு விண்ணப்பம் உண்டு. அறுவடை முடிந்து உங்கள் ஊர் வயலில் வாத்துக் கூட்டம் இறங்கக் கண்டால், அதன்பின்னே கோலேந்தி வரும் சிறுவர் எவரேனும் உளரா என்று நோக்குங்கள். இருப்பின், பெற்றோரிடம் பேசி, மறுநாளே அருகிலுள்ள பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். அவனிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.