அவர் என்னும் சொல்

போடிநாயக்கனூரைக் கண்டிராத அன்பர்களுக்காக முதலில் ஊரைப் பற்றிச் சில சொற்கள். தேனி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், ஏலமலைகளின் காலடியில் அமைந்தது இவ்வூர். மலைமேல் விளையும் ஏலக்காய் கீழிறங்கி வந்து இங்கேதான் விலை பேசப்படுகிறது. ஏலத்தை ஏலம் விடும் ஊர் என்று நம் துறை நண்பர் ஒருவர் சிலேடையாகச் சொல்வார். விடியுமுன்னரே ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, கேரளத்துப் பூப்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு விரையும். ஊருக்குள்ளே தங்கிவிட்ட பெண்கள் கிட்டங்கிகளில் அமர்ந்து காயைச் சலித்து, பருமனும் நிறமும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். அந்தத் தாய்மாரின் கூலியில் படிக்க வந்த பிள்ளைகள்தாம் இவ்வட்டாரத்துக் கல்லூரி வகுப்புகளில் நிறைந்திருப்பவர்கள்.

அத்தகைய கல்லூரி ஒன்றில் தமிழ்த்துறையின் தலைமைப் பொறுப்பை நாம் சில ஆண்டுகள் சுமந்தோம். நம்மையும் சேர்த்து எண்மர். ஐவர் ஆடவர், மூவர் மகளிர். ஆண், பெண் என்ற பொருளில் எங்களுக்குள் ஒருமித்த கருத்து என்றைக்கும் இருந்ததில்லை. மாணவியரைக் கல்வெட்டுப் பயணத்திற்கு வெளியூர் அழைத்துச் செல்வதா, பேச்சுப் போட்டிக்கு இரவில் அனுப்புவதா, விழா மேடையில் வரவேற்புத் தட்டு ஏந்துவது ஏன் எப்போதும் பெண்பிள்ளைகளின் வேலையாகவே இருக்கிறது என்றெல்லாம் வாதங்கள் எழும்; தேநீர் ஆறுவதற்குள் அடங்கிவிடும். அடங்க மறுத்த வாதம் ஒன்றே ஒன்று. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

2022-ஆம் ஆண்டில் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஆணாகப் பதிவு பெற்றிருந்த பிள்ளை ஒருவர், தம்மைப் பெண்ணாகவே உணர்வதாகவும், வருகைப் பதிவின்போது தாம் தேர்ந்துகொண்ட பெயரால் அழைக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார். எழுத்து திருத்தமாக இருந்தது. சந்திப்பிழை ஒன்றும் இல்லை. நாம் அதை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்தோம். அதற்குள் வகுப்பறையில் வேறொன்று நிகழத் தொடங்கிவிட்டது. பழைய பெயரைக் கூப்பிட்டால் அப்பிள்ளை எழுந்து நிற்பதில்லை. ஆசிரியர் சிலர் புதிய பெயரைக் கூப்பிட்டு வருகை இட்டனர். சிலர் பழைய பெயரைக் கூப்பிட்டு, பதில் வராததால் வரவில்லை என்று குறித்தனர். ஒரே நாளில், ஒரே இருக்கையில், முதல் மணியில் வந்தவர் இரண்டாம் மணியில் வராதவர் ஆனார். பருவத் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். கணக்குப் பார்த்தபோது, அந்தப் போக்கில் போனால் தேர்வுக் கூடத்தின் வாசலில் அப்பிள்ளை நிறுத்தப்படுவது உறுதி என்று தெரிந்தது. அப்படி நிறுத்தப்படும் பிள்ளைக்குப் போக்கிடம் எது என்பது இம்மலையடிவாரத்தில் யாவரும் அறிந்ததே. காய் எடுக்கும் பருவத்தில் ஜீப்பில் ஏறிவிட்டால், மீண்டும் நூலைத் தொட வருபவர் அரியர்.

துறைக் கூட்டத்தைக் கூட்டினோம். இளைய ஆசிரியை ஒருவர் நன்னூலோடு வந்திருந்தார். பெயரியலில் பவணந்தியார் ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலாகவும், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோரை ஆண்பாலாகவும் கொள்ளச் சொல்லியிருக்கிறார். எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே இலக்கணம் தீர்த்துவைத்ததை நாம் எதற்கு விவாதிக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி. தொல்காப்பியக் கிளவியாக்கமும் ஆண்மை திரிந்த பெயருக்கு ஆண்பால் முடிபு பொருந்தாது என்றே விதிக்கிறது என்றார்.

எங்கள் துறையின் மூத்த ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலேயே, "சூத்திரத்தை முழுவதும் சொல்லுங்கள் அம்மா" என்றார். அவர் சொன்னது நியாயமே. அச்சூத்திரத்துக்கு மூன்றாவது அடி ஒன்று உண்டு. அவ்விரு வகையாரும் அஃறிணையை ஒத்தும் வருவர் என்கிறது அது. நூலைச் சாட்சிக்கு அழைப்பவர் பாதிச் சாட்சியோடு அதை அனுப்பிவிடலாகாது என்பது அம்மூத்தவரின் கட்சி. அதற்கு மேல் அவருடைய நிலை எளியது: பதிவேடு ஓர் ஆவணம், சான்றிதழில் உள்ள பெயரே அதில் ஒலிக்கும், மாற்றுவதற்கு அரசு வழி வைத்திருக்கிறது, அவ்வழியே வரட்டும். வேறோர் ஆசிரியைக்குப் பெயரைப் பற்றிக் கவலை இல்லை. மகளிர் கழிப்பறையைப் பற்றித்தான் கவலை. கிராமத்துப் பெற்றோர் பெண்பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புவதே நம்மை நம்பித்தான். அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டால் எத்தனை பெண்களின் படிப்பு நின்றுபோகும் என்று கேட்டார். இதைப் பிற்போக்கு என்று தள்ளிவிட எம்மால் இயலவில்லை. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களின் வீட்டு வாசலை அறிந்தவர் பேசிய பேச்சு அது.

நம் சமுதாயத்தைச் சேர்ந்த இளம் ஆசிரியர் ஒருவரும் துறையில் இருந்தார். கூட்டத்தில் வாய் திறக்காதவர், அஸருக்குப் பின் தனியே வந்தார். "அண்ணன், படைப்பில் மாற்றம் செய்வதற்கு நாம் துணை போகலாமா?" என்று கேட்டார். நம் ஷாஃபிஈ சட்ட நூல்களில் 'குன்ஸா' என்ற பிரிவினருக்குப் பாகப்பிரிவினையிலும் தொழுகை வரிசையிலும் இடம் வகுத்திருப்பதை நினைவூட்டினோம். அவர் உடனே மறுத்தார்: குன்ஸா என்பது உடலமைப்பிலேயே ஆணா பெண்ணா என்று துணிய முடியாதவரைக் குறிப்பது, இது உள்ளத்து உணர்வு, இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. சரியான மறுப்பு. மதரஸாவில் ஒழுங்காக ஓதியவர் வேறெப்படிப் பேசுவார்? நாம் சொன்னது இவ்வளவே: மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தகுதி உமக்கும் எமக்கும் இல்லை, அதை ஆலிம்களிடம் விடுவோம். ஆனால் துணிய முடியாத ஒருவர் முன்னே வந்தபோது, இமாம்கள் அவரைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தவில்லை. எந்த வரிசையில் நிறுத்துவது என்றே ஆராய்ந்தார்கள். அவர் ஏற்றுக்கொண்டார் என்று எழுத மாட்டோம். சலாம் சொல்லிப் போனார்.

இத்தகைய துறையை எப்படி நடத்துவது? வாக்கெடுப்பு வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பெஞ்சில் இருப்பவர் வந்தவரா இல்லையா என்பதற்கு வாக்கெடுப்பு எதற்கு என்று மறுத்துவிட்டோம். அறிவுரைச் சொற்பொழிவு ஏற்பாடு செய்யலாம் என்றார் மற்றொருவர். முப்பது ஆண்டு பாடம் சொன்னவரை மாணவர் பெஞ்சில் உட்கார வைத்துப் பாடம் புகட்டினால், அவர் கருத்து இறுகுமே தவிர இளகாது. இதற்குச் சான்று வெளியே தேட வேண்டியதில்லை. பள்ளி ஆசிரியர்களுக்கென்று தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு 2021-இல் வெளியிட்ட இப்பொருள் பற்றிய பயிற்சிக் கையேடு, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே இணையத்திலிருந்து அகற்றப்பட்டது. படித்துப் பார்த்து மறுப்பதற்குக்கூடப் பலருக்கு வாய்ப்பில்லாமல் போயிற்று.

நாம் மாறாக, சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7-இல் பிறப்பித்த உத்தரவின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தோம். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரு பெண்களின் வழக்கு அது. தமக்கே இப்பொருளில் தெளிவு போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் அறிஞர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே அந்நீதியரசர் விரிவான ஆணைகளை வழங்கினார். கல்வி நிலையங்களுக்கான பகுதியில், கல்விப் பதிவேடுகளில் பெயரும் பாலும் மாற்ற இடமளித்தல், விண்ணப்பங்களில் மூன்றாவது கட்டம் சேர்த்தல், பாகுபாடற்ற கழிப்பறை அமைத்தல் ஆகியவை உள்ளன. 2014-இல் உச்ச நீதிமன்றம் தம் பாலைத் தாமே கூறிக்கொள்ளும் உரிமையை ஏற்றதும், 2008-இலேயே தமிழக அரசு திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்ததும், 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்ட ஆட்சியரிடம் சான்று பெறும் முறையை வகுத்ததும் அந்த மேசையிலேயே பேசப்பட்டன. ஆவணம், ஆவணம் என்றவருக்கு ஆவணத்தின் வழியையே காட்டினோம். ஆட்சியர் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க அப்பிள்ளைக்கு உதவுவதற்கு அந்த மூத்தவரே முன்வந்தார். படிவம் நிரப்புவதில் அவருக்கு இணை அக்கல்லூரியில் எவரும் இல்லை.

சான்று கைக்கு வரும்வரை என்ன செய்வது? அவரிடம் ஒன்று மட்டும் கேட்டோம்: "ஐயா, பெஞ்சில் ஆள் இருக்கும்போது, இல்லை என்று எழுதினால் அது மெய்யா?" தேர்வுத்தாளில் அரை மதிப்பெண் கூட்டிப் போடாத மனிதர் அவர். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இல்லை, அது பொய்தான்" என்றார். அன்று முதல், கண்ணால் கண்டவருக்கு வருகை உண்டு என்பது துறையின் நடைமுறை ஆயிற்று. புதிய பெயரைத் தம் வாயால் சொல்ல மனம் ஒப்பாதவர் வரிசை எண்ணைச் சொல்லி அழைக்கலாம் என்றும் முடிவாயிற்று. ஆனால் ஒருவரை மட்டும் எண்ணால் அழைக்கலாகாது, அழைத்தால் வகுப்பு முழுவதையும் எண்ணாலேயே அழைக்க வேண்டும். உடன்படாதவர் தம் மறுப்பைத் துறைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட இடம் தந்தோம். இருவர் எழுதினர். அந்தப் பக்கம் இன்றும் இருக்கும்.

தமிழ் நமக்குச் செய்த உதவி ஒன்றையும் சொல்ல வேண்டும். நேரில் நின்று பேசும்போது நம் மொழியில் பால் வேறுபாடே இல்லை. நீ, நீங்கள், வாருங்கள், எழுதுங்கள் யாவும் யாவர்க்கும் பொது. படர்க்கைக்கு வந்தால்தான் அவன், அவள் என்ற சிக்கல். அதற்கும் 'அவர்' இருக்கிறது. வந்தார், எழுதினார் என்ற முடிபும் இருக்கிறது. மாணவர் எல்லாரையும் 'அவர்' என்றே குறிப்பிடுவது என்று ஆசிரியர் அறையில் வழக்கப்படுத்தினோம். முதல் சில நாட்கள் நகைப்பாக இருந்தது. பின்னர், "மூன்றாம் பெஞ்சில் அவர் ஒருவர் தூங்குகிறார்" என்று கோபத்தையும் மரியாதையாகவே சொல்லப் பழகிக்கொண்டோம். இதனால் அப்பிள்ளை மட்டுமன்றி, இதற்கு முன் 'அவன்' என்றும் 'அது' என்றும் பெயர் பெற்றிருந்த வேறு சில ஏழைப் பிள்ளைகளும் பயனடைந்தனர்.

ஓரிடத்தில் மட்டும் நாம் கண்டிப்புக் காட்டினோம். தேநீர் வேளையில் ஒருவர் அப்பிள்ளையின் நடையை நடித்துக் காட்ட, இருவர் சிரித்தனர். கருத்து வேறு, கேலி வேறு. குறிப்பேட்டில் கையெழுத்திட்டு எழுதக்கூடியதை எழுதுங்கள், எழுதக் கூசுவதை இங்கே நடிக்க வேண்டாம் என்றோம். எழுத்திலும் அறிவிப்பு அனுப்பினோம். அதனால் ஒருவரின் நட்பை இழந்தோம். அதற்காக வருந்தவும் இல்லை.

கழிப்பறைப் பிரச்சினை இத்தனை பேச்சுக்கும் பிறகு ஒரு தாழ்ப்பாளில் தீர்ந்தது. நூலகத்துக்குப் பின்னால் பழுதாகிப் பூட்டிக் கிடந்த தனியறைக் கழிப்பறைக்குக் கதவும் தண்ணீரும் வந்தன. எவரும் பயன்படுத்தலாம் என்று பலகை வைத்தோம். கவலை தெரிவித்த ஆசிரியையே நின்று அதை மேற்பார்த்தார். மாதவிடாய் நாட்களில் கூட்டத்துக்குக் கூசிய மாணவியரும் அதைத் தேடிச் செல்வதை அவரே பிறகு எமக்குச் சொன்னார்.

அந்த ஆண்டின் இறுதிப் பருவத்தில் நன்னூல் பெயரியல் மூத்தவரின் பங்கில் வந்தது. அச்சூத்திரம் வரும் நாளில் அப்பிள்ளை விடுப்பு எடுப்பாரோ என்று நாம் உள்ளூர அஞ்சினோம். எடுக்கவில்லை. மூத்தவரும் சூத்திரத்தைத் தாண்டிச் செல்லவில்லை. மூன்றடிகளையும் பதம் பிரித்து, உரை கூறி, எடுத்துக்காட்டுச் சொன்னார். மூன்றாம் அடிக்கு வந்தபோது, இலக்கணம் அன்றைய வழக்கை எழுதிவைக்கிறது, வழக்கு நிலையானதன்று என்றும், இதே ஆசிரியர்தாம் நூலின் முடிவில் பழையவை போவதும் புதியவை வருவதும் கால இயல்பு, குற்றமாகா என்று எழுதினார் என்றும் சொன்னாராம். இதை நாம் நேரில் கேட்கவில்லை. மாணவர் சிலர் வந்து சொன்னார்கள். ஆசிரியரிடம் கேட்டபோது, "பாடத்தில் இருப்பதைச் சொன்னேன்" என்றார்.

அப்பிள்ளை தேர்வு எழுதினார். அடுத்த ஆண்டு பட்டமும் முடித்தார். மூத்தவர் கடைசி நாள் வரையில் அந்தப் புதிய பெயரைத் தம் வாயால் சொல்லவில்லை. எண்ணையே சொன்னார், வகுப்பிலிருந்த நாற்பத்திரண்டு பேருக்கும் எண்ணையே சொன்னார்.