விழுங்கும் வரை தேன்

ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, அதைப் போலவே தோன்றும் போலி ஒன்று வேண்டும். மாத்திரை என்றால் மாவை உருட்டிக் கொடுத்துவிடலாம். தேனுக்குப் போலி செய்வது எப்படி? அந்த நிறமும் பிசுபிசுப்பும் நாக்கில் உட்காரும் கனமும் இருக்க வேண்டும், தேன் மட்டும் இருக்கக் கூடாது. குழந்தைகளின் இருமலுக்குத் தேனைச் சோதித்துப் பார்த்த இஸ்ரேல் மருத்துவர்கள் இதற்குப் பேரீச்சம்பழப் பாகைப் பிடித்தார்கள். 2012இல் வெளிவந்த அந்த ஆய்வில் ஒன்றிலிருந்து ஐந்து வயது வரையிலான 300 குழந்தைகள். மூன்று வகைத் தேனில் ஒன்று, அல்லது பாகு, படுக்கப்போகும் முன் 10 கிராம். மறுநாள் பெற்றோரிடம் விசாரித்தால், நான்கு பிரிவிலும் இருமல் தணிந்திருந்தது. தேன் குடித்த மூன்று பிரிவிலும் கூடுதலாகத் தணிந்திருந்தது. ஐந்து ஆண்டு முன்பு, 2007இல், பென்சில்வேனியாவில் 105 பிள்ளைகளை வைத்து நடந்த சோதனையும் இதே திசையில்தான் போனது. அங்கே தேனுக்கு எதிரே நிறுத்தியது டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்ற பிரபல இருமல் மருந்தை. அதற்கும் தேன் மணம் ஏற்றியிருந்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. ஒன்றும் கொடுக்காததைவிடத் தேன் தெளிவாக மேல் என்றானது. கடை மருந்தால் அந்த அளவுக்குக்கூட நிரூபித்துக்கொள்ள முடியவில்லை. பிரிட்டனின் அரசு வழிகாட்டி அமைப்பு 2018இல், சாதாரண இருமலுக்கு ஆன்டிபயாடிக் எழுதாதீர்கள், முதலில் தேனைக் கொடுத்துப் பாருங்கள் என்று சொன்னதற்குப் பின்னால் இப்படிப்பட்ட சோதனைகள்தான் இருக்கின்றன.

பாட்டி சொன்னது சரியாகிவிட்டது என்று இந்த இடத்தில் கடையைக் கட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். பாகு குடித்த குழந்தைகளுக்கும் இருமல் குறைந்ததே, அதை என்ன செய்வது? கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளிக்கென்றே ஓர் ஆய்வு மையத்தை நடத்திய ரான் எக்கில்ஸ், இருமல் மருந்துச் சோதனைகளையெல்லாம் அலசி 2006இல் ஒரு கணக்குச் சொன்னார். மருந்து குடித்தபின் குறையும் இருமலில் ஏறத்தாழ 85 சதவீதம் போலி மருந்தாலேயே குறைந்துவிடுகிறது. சீசாவின் மேல் அச்சிட்ட வேதிப்பொருளின் பங்கு 15 சதவீதம். காரணம் இனிப்பாக இருக்கலாம் என்பது அவருடைய ஊகம். இனிப்பு பட்டதும் எச்சில் ஊறுகிறது, தொண்டை நனைகிறது, மூளை தனக்குள்ளேயே வலிதணிக்கும் பொருளைச் சுரக்கிறது. 2012இல் பிலடெல்பியாவில் சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளிக்க வைத்து, மிளகாயின் காரப்பொருளைச் சுவாசிக்க விட்டுப் பார்த்தார்கள். இருமல் கிளம்ப முன்னைவிடக் கூடுதல் காரம் தேவைப்பட்டது. ஆனால் 2014இல் வந்த இன்னொரு ஆய்வு இந்த அழகான விளக்கத்தையும் கலைத்துவிட்டது. சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு அகேவ் என்ற மெக்சிகோச் செடியின் இனிப்புப் பாகு ஒரு பக்கம், நிறமும் மணமும் ஏற்றிய தண்ணீர் இன்னொரு பக்கம். இரண்டுமே, ஒன்றும் கொடுக்காததைவிட நன்றாக வேலை செய்தன. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் இல்லை. குழந்தைகளை வைத்து நடந்த இந்தச் சோதனைகளில் இருமலை அளந்தது கருவியல்ல, ராத்திரி கண்விழித்த அம்மாவும் அப்பாவும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கரண்டியில் எதையோ ஊற்றிக் கொடுத்த பெற்றோருக்குப் பிள்ளையின் இருமல் கொஞ்சம் குறைவாகவே காதில் விழுகிறது.

குறுந்தொகையின் அறுபதாம் பாட்டைப் படிக்கும்போது, இந்த விஷயம் பரணருக்கு முன்பே தெரிந்திருந்தது போலிருக்கிறது. உயர்ந்த மலையில் ஒரு பெரிய தேனடை. கீழே, எழுந்து நடக்க முடியாத ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். ஏற முடியாது, ஏறித் தருவதற்கும் யாரும் இல்லை. அவன் உள்ளங்கையைச் சிறு கிண்ணம் போலக் குவித்து, மேலே தேனைச் சுட்டிச் சுட்டி, வெறும் கையை நக்கிக்கொள்கிறான். தலைவன் அன்பு காட்டாவிட்டாலும் அவனைப் பல தடவை பார்ப்பதே தனக்கு இனிமை என்று சொல்ல வந்த தலைவிக்கு இந்த உவமை. உரைகாரர்கள் இதைக் காதலின் ஆற்றாமையாக விளக்குவார்கள், இருக்கட்டும். என்னைப் பிடித்து நிறுத்துவது அந்தச் செய்கையின் நுணுக்கம். சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. கை குவிய வேண்டும், விரல் நீள வேண்டும், நாக்கு உள்ளங்கையில் பட வேண்டும். சடங்கு முழுமையாக நடந்தால்தான் இனிப்பு வரும். அவனுக்கு எச்சில் ஊறியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவனைப் பைத்தியக்காரன் என்று பரணரும் சொல்லவில்லை, தலைவியும் சொல்லவில்லை. மருத்துவ இதழ்கள்தான் அதை ‘போலி விளைவு’ என்று கொஞ்சம் முகம் சுளித்துச் சொல்கின்றன.

ஆனாலும் எல்லாவற்றையும் மனத்தின் தலையில் கட்டிவிட முடியாது. பேரீச்சம் பாகும் இனிப்புதான், தேன் அதையும் முந்தியிருக்கிறது. அதைவிட உறுதியான சாட்சி தோலின்மேல் இருக்கிறது. புண்ணுக்குள் வளரும் கிருமிக்கு நம்பிக்கை என்று ஒன்று கிடையாது. தேனில் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, மிச்சம் பெரும்பாலும் சர்க்கரை. அந்த அடர்த்தி கிருமியின் உடலிலிருந்து நீரை உறிஞ்சி எடுத்துவிடும். கூடவே புளிப்பும் உண்டு. இவற்றுக்கு மேல், தேனீ தன் சுரப்பியிலிருந்து சேர்க்கும் ஒரு நொதி, தேன் நீர்த்துப்போகும்போது விழித்துக்கொண்டு ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்குகிறது. அமெரிக்க வேதியியலாளர் ஜொனாதன் வைட் 1960களின் தொடக்கத்தில் இதைக் கண்டுபிடித்தார். புண்ணில் கசியும் நீரே அந்த நொதியை எழுப்பப் போதும். நியூசிலாந்தின் மனுகா தேன் மட்டும் தனிச் சாதி. அதில் பெராக்சைடை நீக்கிய பின்னும் கிருமி சாகிறது, காரணம் மெத்தில்கிளையாக்சல் என்று 2008இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் காட்டினார்கள். மகாராஷ்டிரத்து அறுவை மருத்துவர் சுப்ரமண்யம் 1991இல் 104 தீக்காய நோயாளிகளுக்குத் தேன் கட்டி, வழக்கமான வெள்ளி மருந்தோடு ஒப்பிட்டு, பிரிட்டிஷ் இதழில் எழுதினார். 2015இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு, ஆழமில்லாத தீக்காயம் வழக்கமான கட்டுகளைவிடத் தேனில் நான்கைந்து நாள் முன்னதாக ஆறுகிறது என்று ஒப்புக்கொண்டது. தீக்காயச் சோதனைகளில் பெரும்பகுதி அந்த ஒரே மருத்துவரிடமிருந்து வந்தவை என்ற உறுத்தல் உண்டு. காலில் வரும் சிரைப்புண்ணுக்குத் தேனால் பலனில்லை என்பதும் அதே தொகுப்பில் இருக்கிறது. மருத்துவமனைக் கட்டுக்குப் போகும் தேன் கதிர்வீச்சில் கிருமி நீக்கப்பட்டது. அடுப்படி சீசாவைத் திறந்து புண்ணில் தடவச் சொல்லவில்லை.

ஆக, தேன் தொட்ட இடத்தில் வேலை செய்கிறது. புண்ணைத் தொட்டால் புண்ணில், தொண்டையைத் தொட்டால் தொண்டையில். அதைத் தாண்டி வயிற்றுக்குள் இறங்கிவிட்டால் அதன் தனித்தன்மை கரைந்து சர்க்கரையாகிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட சர்க்கரை வழிகாட்டியில் தேனுக்குச் சலுகை காட்டவில்லை. பாட்டில் பானத்தில் கலக்கும் சர்க்கரையோடு ஒரே பட்டியலில் வைத்தது. இதற்கு மறுப்பாக டொரண்டோ ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட தொகுப்பைக் காட்டுவார்கள்: 18 சோதனைகள், 1,100 பேருக்கு மேல், வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரையும் கெட்ட கொழுப்பும் சற்றே குறைந்தன. உண்மைதான். ஆனால் அந்தச் சோதனைகளில் கலந்துகொண்டவர்கள் மற்ற இனிப்பை ஏற்கெனவே அளவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். சான்றின் உறுதி குறைவு என்பதையும் ஆய்வாளர்களே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். காப்பியில் சர்க்கரையை நிறுத்திவிட்டுத் தேன் விட்டுக்கொள்கிறவருக்கு இதில் ஏதோ இருக்கலாம். இரண்டும் வேண்டும் என்கிறவருக்கு ஒன்றும் இல்லை. தேனில் ஆன்டிஆக்சிடன்ட் இருக்கிறதே என்ற வாதத்துக்கு ஒரு கொய்யாப்பழம் போதும்.

நம் மருத்துவர்கள் திரிகடுகத்தைத் தேனில் குழைத்து நக்கச் சொன்னார்களே தவிர, மடக் மடக்கென்று குடிக்கச் சொல்லவில்லை. நக்கினால் தொண்டையில் தங்கும். இன்று காலையில் எழுந்ததும் எல்லோரும் செய்வது என்ன? கொதிக்கும் வெந்நீரில் ஊற்றி, நொதியைச் சூட்டில் கொன்று, எலுமிச்சையைப் பிழிந்து, உடம்பு இளைக்கும் என்று குடிக்கிறார்கள். ஒரு மேசைக்கரண்டிக்கு அறுபத்து நான்கு கலோரியை ஏற்றி இளைக்கும் முறை. அந்த சீசாவில் இருப்பது தேன்தானா என்பது வேறு கேள்வி. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020இல் 13 வணிகப் பெயர்களை ஜெர்மனிக்கு அனுப்பிச் சோதித்ததில் மூன்றுதான் தேறின, நிறுவனங்கள் மறுத்தன. அந்த முடிவு சரியென்றால், இஸ்ரேலில் 300 குழந்தைகளோடு முடிந்த போலிப் பாகுச் சோதனையை நாம் ஒரு தேசமாகவே நடத்திக்கொண்டிருக்கிறோம். நல்ல பலன் தெரிகிறது என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வயிற்றுக்குள் போன பிறகும் தேன் பெரிதாக ஏதாவது செய்யும் இடம் ஒன்று உண்டு, அது ஒரு வயது நிறையாத குழந்தையின் குடல். பொட்டுலிசக் கிருமியின் விதைத்துகள் தேனில் உறங்கிக் கிடக்கும், சாகாது, வளராது. பெரியவர்கள் குடலில் அதற்கு இடம் கிடைக்காது. சிசுவின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். மலச்சிக்கலில் தொடங்கி, கழுத்து தொங்கி, மூச்சுத்தசைவரை செயலிழக்கும். 1976இல் கலிபோர்னியாவில் இந்த நோயை அடையாளம் கண்டார்கள். அரிதான நோய்தான். ஆனால் பிறந்த குழந்தையின் நாக்கில் பெரியவர்கள் சேனை தொட்டு வைக்கும் ஊர்களில், சர்க்கரைத் தண்ணீருக்குப் பதில் ‘சுத்தமான மலைத்தேன்’ என்று யாராவது ஆசையாக எடுத்து வந்தால், அந்த விரலைத் தடுக்க வேண்டும்.