அத்துமீறி வந்தவன் அடிபட்டால்

தம்பி, புது வீட்டுக்குக் குடிபோன கையோடு என்னிடம் ஒரு யோசனை கேட்டாய். மாங்காய் பறிக்க ராத்திரியில் சுவரேறி வருகிற பயல்களுக்காகக் காம்பவுண்டின் மேல் கம்பி இழுத்து, லேசாகக் கரண்ட் விடலாமா என்று. "என் இடம், என் சுவர், ஏறுகிறவன் தப்பு" என்றும் சொன்னாய். தப்பு அவனுடையதுதான். ஆனால் வக்கீல் குமாஸ்தாவாகக் கோர்ட் வராந்தாவிலேயே தலை நரைத்தவன் நான். இதே நியாயத்தைச் சொல்லிக்கொண்டு கூண்டில் ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பீகாரில் ஒரு வழக்கு, 1963-ல் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பானது. குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கத்து வீட்டுக் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்துவிட்டதால், அங்கிருந்தவர்கள் இவருடைய கழிப்பறைக்கு வரத் தொடங்கினார்கள். இவர் சத்தம் போட்டுப் பார்த்தார், நிற்கவில்லை. கழிப்பறைக்குப் போகிற வழியில் உறையில்லாத செம்புக் கம்பியைக் கட்டி, வீட்டு மின்சாரத்தை அதில் விட்டார். கரண்ட் ஓடுகிறது என்று ஒரு எச்சரிக்கை கிடையாது. அண்டை வீட்டுப் பெண் ஒருவர் உள்ளே போகும்போது தப்பிவிட்டார், வெளியே வரும்போது கை பட்டது. இறந்துபோனார்.

அழைக்காமல் வந்தவருக்கு நான் பொறுப்பில்லை, என் சொத்தைக் காக்க எனக்கு உரிமை உண்டு என்ற இரண்டு வாதமும் எடுபடவில்லை. அத்துமீறி நுழைந்ததாலேயே ஒருவர் சட்டத்துக்கு வெளியே போய்விடுவதில்லை, அவருக்குக் கேடு வரும் என்று தெரிந்தே எதையும் வைக்கக்கூடாது என்றது கோர்ட். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் தண்டனை உறுதியானது.

இதில் சூட்சுமம் எங்கே என்று பார். ஆள் வரும் என்று தெரிந்ததால்தானே கம்பி கட்டினார்? "யாரும் வருவார்கள் என்று நினைக்கவில்லை" என்று சொல்லித் தப்பிக்கிற வழியை அவரே அடைத்துக்கொண்டார். பயல்கள் வருவதை நீயும் ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. "லேசாகக் கரண்ட்" என்கிறாயே, வீட்டு லைன் 230 வோல்ட். மழையில் நனைந்த உடம்புக்கு அதில் லேசு ஏது?

அப்போது அந்த 304ஏ பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை போகலாம். செத்தவன் குடும்பம் நஷ்டஈடு கேட்டால் அது தனி வழக்கு.

திருடனுக்கே இந்தச் சலுகையா என்று கேட்பாய். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஒரு விவசாயி, ஆளில்லாத தன் பழைய பண்ணை வீட்டில் திருட்டு ஓயவில்லை என்று, கதவைத் திறந்தால் வெடிக்கும்படி துப்பாக்கியைக் கட்டி வைத்தார். முதலில் வயிற்றுக்கு நேராக இருந்த குழலை, மனைவி சொன்னதால் காலுக்குத் தாழ்த்தினார். 1967-ல் பழைய பாட்டில்களையும் ஜாடிகளையும் எடுக்க வந்தவனுக்குக் கால் சிதைந்தது. திருடனுக்கு அபராதம் 50 டாலர். வீட்டுக்காரர் கொடுக்க வேண்டிய நஷ்டஈடு 30,000 டாலர்; 1971-ல் மாநில உச்ச நீதிமன்றமும் அதையே சரி என்றது. அதைக் கட்ட அவர் நிலத்தில் 80 ஏக்கர் விலைக்குப் போனது. எனக்கு அந்த மனிதர் மேல் இரக்கம்தான். ஆனாலும் தீர்ப்பு சரி.

உன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் பறிக்கவில்லை. ராத்திரியில் வீட்டை உடைத்து நுழைகிறவனை எதிர்க்கலாம், தேவைக்கு மேல் போகாமல். அதற்கு எதிரே நிற்பவன் யார், எதற்கு வந்தான் என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். கம்பி எதைப் பார்க்கும்? திருடனும் அதற்கு ஒன்றுதான், பந்து எடுக்க வந்த பிள்ளையும் ஒன்றுதான். சுவரில் பதித்த கண்ணாடிச் சில்லும் முள்கம்பியும் கண்ணுக்குத் தெரிந்து "ஏறாதே" என்கின்றன. மறைத்து வைத்த பொறி அப்படியல்ல.

பொறி வைக்காதவனுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. இங்கிலாந்தில் உடைந்து கிடந்த ரயில்வே வேலி வழியே போன 6 வயதுச் சிறுவன், மின்சாரம் ஓடும் தண்டவாளத்தில் பட்டுக் கடுமையான தீக்காயம் அடைந்தான். அந்த இடைவெளி வழியாக ஆட்கள் நடமாடுவது தெரிந்தும் வேலியைச் சரிசெய்யாத ரயில்வேதான் பொறுப்பு என்று 1972-ல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. அது அந்த ஊர்ச் சட்டம்தான், ஆனால் நம் கோர்ட்டுகளும் இதே திசையில்தான் யோசிக்கின்றன.

அதனால்தான் மாமரத்தைவிட உன் கொல்லைப்புறக் கிணறு எனக்குக் கவலையாக இருக்கிறது. கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை, பின்பக்க வேலியில் ஆள் நுழையும் சந்து. கேட்டில் விளக்குப் போடு, திருட்டு தொடர்ந்தால் ஸ்டேஷனில் எழுதிக் கொடு. அதற்கெல்லாம் முன்னால், கொத்தனாரை இந்த வாரமே வரச்சொல்லிக் கிணற்றுச் சுவரை உயர்த்தி, மேலே இரும்பு வலை போட்டுவிடு.