பெயரிலேயே தீர்ப்பு

சிறுவர்க்கென எழுதப்பெற்ற நூலை நாற்பது வயதைக் கடந்த ஒருவன் பேருந்தில் விரித்து வைத்திருந்தால், அருகில் இருப்போர் "பிள்ளைக்கா?" என்றே கேட்பர். "எனக்குத்தான்" என்று பலமுறை விடை கூறியிருக்கிறேன்.

பிரையன் ஜேக்ஸ் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட்வால்’ வரிசை 22 புதினங்களைக் கொண்டது. முதல் நூல் 1986-இல் வெளிவந்தது. இறுதி நூல், ஆசிரியர் மறைந்த 2011-ஆம் ஆண்டிலேயே அச்சேறியது. செந்நிறக் கல்லால் எழுப்பிய மடம் ஒன்று; அதில் அமைதியாக வாழும் சுண்டெலிகள், முள்ளெலிகள், அணில்கள்; முற்றுகையிட வரும் குளுனி என்னும் ஒற்றைக்கண் பெருச்சாளி; வாளேந்தி எழும் மத்தையாஸ் என்னும் இளஞ்சுண்டெலி. முதல் நூலின் கதை இவ்வளவே.

ஜேக்ஸ் 1939-இல் லிவர்பூலில் பிறந்தவர். கப்பலிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்; லாரி ஓட்டியவர். பால் வழங்கும் பணியில் இருந்தபோது அந்நகரின் பார்வையற்றோர் பள்ளிக்குச் செல்லலானார். அங்குள்ள பிள்ளைகளுக்கு நூல்களைப் படித்துக் காட்டினார். இருந்த நூல்கள் மனநிறைவு தராமையால் தாமே எழுதத் தொடங்கினார். கண்ணால் காண இயலாத பிள்ளைகளுக்கு ஒரு விருந்தை எப்படிக் காட்டுவது? மணத்தாலும் சுவையாலும் ஒலியாலும்தான். அகழெலிகள் விரும்பி உண்ணும், கிழங்குகளை அடுக்கடுக்காக வைத்துச் சுட்ட பணியாரத்தின் ஆவி நம் முகத்தில் அடிக்கிறது. அவ்வகழெலிகள் பேசுவதோ கொச்சை மிக்க நாட்டுப்புற ஆங்கிலம்; ஆனால் அவற்றின் அறிவை எவரும் குறைத்து மதிப்பதில்லை. பேச்சுத் தமிழைக் கண்டு முகஞ்சுளிக்கும் நம் ஆசிரியர்கள் சிலர் இதனைப் படித்தால் நன்று.

எழுதியதை அவர் அச்சுக்கு அனுப்பவில்லை. அவருக்கு முன்பு கற்பித்த ஆலன் டர்பாண்ட் என்னும் ஆசிரியர்தாம், அவரிடம் சொல்லாமலே பதிப்பகத்தார்க்குக் காட்டினார். இன்னோர் ஆசிரியரும் அவர் வாழ்வில் உண்டு. பத்து வயதில் ஜேக்ஸ், முதலையின் பற்களைத் துப்புரவு செய்யும் பறவையைப் பற்றி ஒரு கதை எழுதினார். பத்து வயதுச் சிறுவன் இவ்வாறு எழுத இயலாது என்று கருதிய அவ்வாசிரியர், பிறர் கதையைத் திருடியதாகக் குற்றஞ்சாட்டினார். ஒப்புக்கொள்ள மறுத்த சிறுவனுக்குப் பிரம்படி கிடைத்தது.

இதனை அறிந்த பின்னரே அவருடைய நூல்கள் என்னை உறுத்தத் தொடங்கின. ஏனெனில் ரெட்வால் உலகில் குணம் பெரும்பாலும் குலத்தோடு வருகிறது. சுண்டெலி நல்லது, பெருச்சாளி தீயது. நீர்நாய் வீரமுள்ளது, நரி வஞ்சகமானது. பத்து வயதுப் படிப்பாளிக்கு இது வசதியான ஏற்பாடு. யாரை அஞ்சுவது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். மதிப்பெண் வரிசையில் வகுப்புப் பிரித்த பள்ளியில், கடைசி வகுப்பில் அமர்ந்து படித்தவன் நான். பொருள் எது காணாமற்போயினும் முதலில் எங்கள் பைகளைத்தான் சோதிப்பார்கள். எனவே என்னால் அவ்வளவு எளிதாகப் பக்கத்தைப் புரட்ட இயலவில்லை.

விலக்குகள் இல்லாமல் இல்லை. 1994-இல் வந்த ‘தி பெல்மேக்கர்’ நூலின் பிளாகட் என்னும் கடற்பெருச்சாளி, மடத்துக் குழந்தைகளின் தோழனாகிறான். ஆயினும் 1995-இல் வெளியான ‘அவுட்காஸ்ட் ஆஃப் ரெட்வால்’ என்னும் நூலே இக்கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொள்கிறது.

கொடிய படைத்தலைவன் ஒருவனின் கைக்குழந்தை மடத்தாரிடம் வந்து சேர்கிறது. நீண்ட உடல் கொண்ட, கீரியைப் போன்ற ஃபெரட் இனம். பிரையனி என்னும் சுண்டெலிப் பெண் அதனை வளர்க்க முன்வருகிறாள். மடத்தில் அக்குழந்தைக்கு இடப்படும் பெயர் ‘வெய்ல்’. ஆங்கிலத்தில் அந்நான்கு எழுத்துகளை இடம் மாற்றினால் ‘தீமை’ என்றும் ‘இழிவு’ என்றும் பொருள்படும் சொற்கள் கிடைக்கும். பெயரிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது! அவன் திருடுகிறான், சமையற்காரருக்கு நஞ்சிட முயல்கிறான், துரத்தப்படுகிறான். பிரையனி அவனைத் தேடிச் செல்கிறாள். இறுதியில் அவளை நோக்கித் தன் தந்தை எறிந்த ஈட்டியை அவன் தன் உடலில் தாங்கி மடிகிறான். இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் அவன் தீயவனே என்ற முடிவுக்குத்தான் பிரையனியும் வருகிறாள். அடித்த ஆசிரியரின் பக்கத்தில் ஜேக்ஸ் சென்று நின்றுவிட்டாரோ என்று எனக்கு மனத்தாங்கல்.

அதனால் நூலை ஒதுக்கவில்லை. இதைப்போல் வாதிட வைக்கும் சிறுவர் நூல்கள் எத்தனை உள்ளன? இக்கதையைத் தமிழில் சொல்லி, வெய்ல் துரத்தப்படும் இடத்தில் நிறுத்தி, மாணவர்களைக் கட்டுரை எழுதப் பணித்தேன். பலர் அவனைக் கண்டித்தே எழுதினர்; சான்றுகள் வலுவானவை அல்லவா? பின்வரிசை மாணவன் ஒருவன் மட்டும் தாளை வெறுமையாக வைத்திருந்தான். அருகில் சென்றதும் கேட்டான்: "ஐயா, அந்தப் பெயரை அவனே படித்துப் புரிந்துகொண்டபோது அவனுக்கு எத்தனை வயது?"